“தமிழ் வரலை” என்றால் அவருக்கு என்ன புரியும்?

(சேலத்தில் சிறுதொழில் செய்வோரும் கணினி மாணவர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரை)

அவையோர்க்கு வணக்கம்.

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறை, பில் போட இலவசமாகக் கிடைத்த, நிரலை யாரும் பார்த்து மாற்றக்கூடிய திறமூல மென்பொருளை வைத்திருக்கிறது என்று கொள்வோம். திரையில் ‘கொலுசு’ ஒழுங்காகத் தெரிகிறது. பிடிஎஃப் எடுத்தால் ஒற்றைக்கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. ‘லு’வும் ‘சு’வும் உடைந்து கிடக்கின்றன. உடனே அந்த மென்பொருளைப் பராமரிப்பவருக்கு எழுதுகிறோம்: “தமிழ் வரலை. அவசரம். எத்தனை தடவை சொல்வது?” எழுதியவருக்கு மனம் ஆறிவிடும். படிப்பவர் கைக்கு என்ன வந்தது?

மறுமுனையில் இருப்பவர் பிழைப்புக்கான வேலையை முடித்துவிட்டு இரவில் உட்காருபவர். தமிழ் எழுத்தே அறியாதவர். சரியான ‘கொ’வும் உடைந்த ‘கொ’வும் அவர் கண்ணுக்கு ஒன்றுதான். இந்த இடத்தில் விவரம் தெரிந்தவர் நீங்கள், அவரல்ல.

எழுத்துகளைக் கணினியில் குறிக்கும் யூனிகோடு முறையில் ‘கொ’ என்பது க, அதன்பின் ஒகரக் குறி. கொம்பை இடப்பக்கமும் காலை வலப்பக்கமும் கொண்டுபோய் வைப்பது தனி வேலை. ஹார்ஃப்பஸ் என்ற நிரல் நூலகம், அதாவது மற்ற மென்பொருள்கள் எடுத்துப் பயன்படுத்தும் துணை நிரல், அதைச் செய்கிறது. பயர்பாக்ஸ், குரோம், லிப்ரே ஆபீஸ் எல்லாம் அதைப் பயன்படுத்துகின்றன. பிடிஎஃப் உருவாக்கும் சில நூலகங்கள் இந்தப் படியைச் செய்யாமல், குறியீடு வந்த வரிசையிலேயே எழுத்தைக் கொட்டிவிடுகின்றன.

ஆகவே அனுப்ப வேண்டியது இது. மென்பொருளின் பதிப்பு எண், இயங்குதளம், எழுத்துருவின் பெயர். ‘கொலுசு’ என்ற ஒரே சொல் உள்ள சிறு கோப்பு. சரியான வடிவமும் தவறான வடிவமும் பக்கத்தில் பக்கத்தில், அம்புக்குறி போட்டு. சொல்லைப் படமாக மட்டும் அனுப்பாமல் எழுத்தாகவும் ஒட்டுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவிலும் உடைகிறதா என்று பார்த்துச் சொன்னால், குறை எழுத்துருவிலா மென்பொருளிலா என்று தெரியும்; பாதி விசாரணை முடிந்தது. அசல் பில்லை அப்படியே இணைக்காதீர்கள். புகார்ப் பக்கத்தை யாரும் பார்க்கலாம்; வாடிக்கையாளர் பெயரும் ஜிஎஸ்டி எண்ணும் உலகத்துக்கே போய்விடும். வேறொருவர் அங்கே ஏற்கெனவே இதே புகாரைச் சொல்லியிருந்தால் அதன் கீழ் கட்டைவிரல் குறி போதும். “எனக்கும் இதே” என்று ஒவ்வொருவரும் எழுதினால், அத்தனையும் மடலாகப் போய் அவர் பெட்டியில்தான் விழும்.

திருத்தம் வந்த பிறகும் உங்கள் உபுண்டு இயங்குதளம் தரும் தொகுப்பில் பழைய பதிப்பே பல மாதம் இருக்கலாம். அதற்கு அவரைத் திட்டிப் பயனில்லை.

திறமூல மென்பொருளோடு வரும் எம்ஐடி உரிமமும் ஜிபிஎல் உரிமமும் உத்தரவாதம் இல்லை என்று எழுதித்தான் கொடுக்கின்றன. நகலெடுக்க, மாற்ற, கூலி கொடுத்து யாரையாவது மாற்றச் சொல்ல உரிமை உண்டு. தேதி குறித்துக் கேட்க உரிமை இல்லை. அது வேண்டுமென்றால் ஒப்பந்தம் போட வேண்டும். 2022 ஜனவரியில் ஒரு பெரிய நிறுவனம், இணையம் வழியாகத் தரவை அனுப்பவும் பெறவும் உதவும் கர்ல் மென்பொருளைப் பராமரிக்கும் டேனியல் ஸ்டென்பெர்கிடம் 24 மணி நேரத்துக்குள் பதில் கேட்டுக் கேள்விப்பட்டியல் அனுப்பியது. ஆதரவு ஒப்பந்தம் போட்டால் மகிழ்ச்சியாகப் பதில் தருகிறேன் என்றார் அவர். நியாயம்தானே!

நச்சரிப்பு ஆயுதமாகவும் ஆகும். கோப்புகளின் அளவைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற மென்பொருளை லாஸ்ஸே காலின் ஏறத்தாழ ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டிருந்தார். 2022இல் முகம் தெரியாத சிலர், ஏன் தாமதம், வேறு ஆளிடம் கொடு என்று நெருக்கினார்கள். இது சம்பளமில்லாத பொழுதுபோக்கு வேலை என்று அவர் சொல்லிப் பார்த்தார். பிறகு, ஏற்கெனவே உதவிக்கு வந்திருந்த ஜியா டான் என்ற பெயருக்குப் பொறுப்பில் பங்கு போனது. 2024இல் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ளக்கதவு, அதாவது அந்நியர் ரகசியமாக உள்ளே நுழைய ஒரு வழி. தொலைவிலிருந்து வேறொரு கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் வழி நுழைவு அரை நொடி தாமதமாவதை ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற மென்பொருள் பொறியாளர் துருவப் போய்த்தான் அது வெளியே வந்தது. நெருக்கியவர்களும் ஜியா டானின் கூட்டாளிகளே என்று பலர் கருதுகிறார்கள். உண்மையான பயனர்களின் நச்சரிப்பும் அதே மாதிரி இருப்பதால்தான் அந்த வேடம் எடுபட்டது.

பராமரிப்பவர்கள் பக்கமும் குறை உண்டு. கடைக்காரரிடம் “நீங்களே திருத்தி அனுப்புங்கள்” என்பது பதிலல்ல. படிக்காமலே தானியங்கியை விட்டுப் புகாரை மூடுவது அதைவிட மோசம். கைவிட்ட திட்டமென்றால் அறிமுகக் கோப்பின் முதல் வரியிலேயே சொல்லிவிடட்டும். பட்டறைக்காரர் கணக்கை, வேறு மென்பொருளும் படிக்கக்கூடிய சிஎஸ்வி என்ற எளிய அட்டவணைக் கோப்பாக எடுத்துக்கொண்டு அன்றே வேறு மென்பொருளுக்கு மாறிக்கொள்வார்.