காலி வலையா, நிறைந்த வலையா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, கூடியிருக்கும் பெரியோர்களே, இளையோர்களே, வணக்கம்.

"கிறிஸ்தவ இளையோருக்கு அதிகம் கற்றுத்தருவது எதிர்பாராத துன்பமா, எதிர்பாராத இன்பமா?" என்பது தலைப்பு. துன்பம்தான் என்று அடித்துப் பேசிவிட்டு எதிரணித் தம்பி உட்கார்ந்திருக்கிறார். "நான் உபத்திரவப்பட்டது எனக்கு நல்லது" என்று 119ஆம் சங்கீதத்தை அவர் எடுத்துச் சொன்னபோது நானும் கைதட்டினேன். வசனத்துக்குத்தான் தட்டினேன், அவர் வாதத்துக்கு அல்ல.

எங்கள் அணி எதிர்பாராத இன்பத்தின் பக்கம். துன்பம் பாடம் சொல்லும் என்றால் எல்லோரும் தலையாட்டுவார்கள். இன்பம் பாடம் சொல்லும் என்றால், "அது தலைக்கனத்தைத்தானே கொடுக்கும்?" என்பார்கள். சரி, பார்ப்போம்.

கெனேசரேத்துக் கடலோரம் வாருங்கள். சீமோன் பேதுரு இராமுழுதும் பாடுபட்டும் ஒரு மீன்கூடச் சிக்கவில்லை. தொழில் தெரிந்த ஆளுக்கு இதைவிடத் தலைகுனிவு உண்டா? எதிரணியின் கணக்குப்படி விடிவதற்குள் அவர் பெரிய ஞானியாகியிருக்க வேண்டும். ஆனால் லூக்கா என்ன எழுதுகிறார்? மீனவர்கள் கரையில் வலைகளை அலசிக்கொண்டிருந்தார்களாம். அவ்வளவுதான். அப்புறம் இயேசு ஆழத்தில் வலை போடச் சொல்கிறார், அரைமனதோடு வலை இறங்குகிறது. வலை கிழிகிறது, இரண்டு படகும் அமிழத்தக்கதாக மீன்! அப்போதுதான் பேதுரு இயேசுவின் முழங்காலில் விழுந்து "நான் பாவியான மனுஷன்" என்கிறார். வலை காலியாக வந்தபோது வலையை அலசினார். வலை நிறைந்து வந்தபோது தன்னை அலசினார், நடுவர் அவர்களே!

துன்பம் நம்மை ஜாக்கிரதைக்காரர் ஆக்கும், அதை மறுக்கவில்லை. தேர்வில் தோற்றவன் அடுத்த முறை முன்கூட்டியே படிப்பான். நண்பனிடம் ஏமாந்தவள் அடுத்த நண்பரிடம் அளந்து பேசுவாள். ஆனால் ஜாக்கிரதை வேறு, மனமாற்றம் வேறு.

இயேசு சொன்ன கதையில், அப்பாவின் சொத்தில் பங்கு வாங்கிப்போய் அழித்த கெட்ட குமாரனைப் பாருங்கள். பஞ்சமும் பன்றித் தவிடும்தான் அவனுக்குப் புத்தி கொடுத்தன என்றார் தம்பி. உண்மைதான். என்ன புத்தி? "உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும்" என்று சொல்லலாம் என்ற புத்தி. பசி அவனுக்குக் கூலிக்காரனாகத்தான் யோசிக்கக் கற்றுக்கொடுத்தது. அப்பா ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு அவன் பேசியதைப் படித்துப் பாருங்கள். பாவம் செய்தேன் என்கிறான், குமாரன் எனப்படப் பாத்திரனல்ல என்கிறான், ஆனால் அந்தக் கூலிக்கார வரி மட்டும் வாயில் வரவே இல்லை. தான் மகன் என்பதை அவனுக்கு உணர்த்தியது அந்த அணைப்பு.

எதிரணியின் அடுத்த கேள்வி எனக்குத் தெரியும். இயேசுவிடம் பத்துக் குஷ்டரோகிகள் குணமானார்களே, நன்றி சொல்ல ஒருவன்தானே திரும்பி வந்தான்? ஒத்துக்கொள்கிறேன். இன்பத்தை வாங்கிக்கொண்டு போய்விடுகிறவர்கள் இருக்கிறார்கள், நம்மிலும் இருக்கிறார்கள். ஆனால் இஸ்ரவேலரை அடிமையாக வைத்திருந்த எகிப்து ராஜா பார்வோனுக்குப் பத்து வாதைகள் வந்தன. கடைசியில் ஜனங்களை அனுப்பினான், பிறகு மனம் மாறித் தேரைப் பூட்டித் துரத்திக்கொண்டு போனான். எங்கள் கணக்கில் பத்துக்கு ஒன்றாவது தேறியது!

இனி விளையாட்டில்லை. துன்பம்தான் வாத்தியார் என்று பேசுவதில் ஓர் ஆபத்து இருக்கிறது. அப்பாவைப் பறிகொடுத்த பிள்ளையிடம் போய், "இதில் கர்த்தர் உனக்கு ஏதோ கற்றுக்கொடுக்கிறார்" என்கிறோமே, பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து தவித்த யோபுவிடம் அவர் நண்பர்கள் செய்ததும் அதுதான். முதல் ஏழு நாள் தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தார்கள். அதோடு விட்டிருந்தால் நல்ல நண்பர்கள். வாயைத் திறந்து விளக்கம் சொல்லத் தொடங்கினார்கள். கடைசியில் கர்த்தருடைய கோபத்தைத்தான் சம்பாதித்தார்கள். அழுகிறவர்களோடு அழச் சொன்னார் பவுல். பாடம் எடுக்கச் சொல்லவில்லை.

என் கதை ஒன்று. பத்தொன்பது வயதில், சபையில் ஒரு பெரியவரின் மோட்டார் சைக்கிளைக் கேட்காமல் எடுத்துப்போய் விழுந்தேன். விளக்கு நொறுங்கிவிட்டது. தள்ளிக்கொண்டு வரும் வழியெல்லாம் பொய் தயாரித்தேன்: நாய் குறுக்கே வந்தது, பிரேக் சரியில்லை. அவர் வண்டியைப் பார்க்கவே இல்லை. "முதலில் கையைக் காட்டு, ரத்தம் வருது" என்றார். தயாரித்த பொய்யெல்லாம் தொண்டையிலேயே நின்றுவிட்டது. "கேட்காமல் எடுத்தேன் அண்ணா" என்றேன். திட்டியிருந்தால் அந்த நாயைக் கட்டாயம் கொண்டுவந்திருப்பேன். மனந்திரும்ப நம்மை ஏவுவது தேவதயவு என்று ரோமருக்கு எழுதிய இரண்டாம் அதிகாரத்தில் பவுல் சொல்வது எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான்.

அடடா, மணி அடித்துவிட்டீர்களே நடுவரே! எனக்கு இது எதிர்பாராத துன்பம். இதில் நான் கற்றுக்கொண்டது, அடுத்த முறை வேகமாகப் பேச வேண்டும் என்பது மட்டும்தான். ஒரு நிமிடம் சேர்த்துக் கொடுத்துப் பாருங்கள், நான் திருந்துகிறேனா இல்லையா என்று!