துளைக்கு முன்னால் ஒரு புள்ளி

நேயர்களுக்கு வணக்கம். காட்பாடியில் சின்னதாக ஒரு தச்சுப் பட்டறை வைத்திருக்கிறேன். மரத்தில் துளை போடுவதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் அதற்கு முன்னால் வைக்கிற புள்ளியைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

சில வருஷத்துக்கு முன் ஒரு தேக்கு அலமாரி. கதவில் கீலை வைத்து, பென்சிலால் புள்ளி போட்டு, நேராக டிரில்லை இறக்கினேன். துளை ஒரு மில்லிமீட்டர் தள்ளிப் போய்விட்டது. இவ்வளவுதானே என்று திருகை முடுக்கினேன். திருகின் தலை கீலின் குழிக்குள் உட்காரப் பார்த்து, கீலையே பக்கவாட்டில் இழுத்துவிட்டது. கதவு சட்டத்தில் இடித்தது. அப்புறம் துளையில் பசை தடவிய குச்சியை அடித்து, காயவிட்டு, மறுபடி முதலிலிருந்து. அரை நாள் கூலி போச்சு.

தேக்கில் மெத்தென்ற ரேகையும் கெட்டி ரேகையும் மாறி மாறி வரும். சுழலும் முனை கெட்டியில் பட்டால் வழுக்கி, மெத்தென்ற பக்கம் ஓடிவிடும். அது ஓடாமல் பிடித்து நிறுத்தத்தான் முதலில் ஒரு குழி. அந்தக் குழியைப் போடுகிற கூர்முனை எஃகுக் கருவிதான் பஞ்ச்.

வேலூர் லாங்கு பஜார் இரும்புக் கடையில் சென்டர் பஞ்ச் என்று மட்டும் கேட்டால், விரல் தடிமனில் ஒன்றை எடுத்து நீட்டுவார்கள். அதன் முனை 90 டிகிரி. இரும்புத் தகட்டுக்கு அதுதான் சரி. அகலமான குழி விழும், டிரில் பிட் அதில் நன்றாக உட்காரும். மரத்தில் அதே முனை நாரை நசுக்கும், நாம் போட்ட அடையாளக் கோட்டையும் மறைக்கும். நீங்கள் கேட்க வேண்டியது பிரிக் பஞ்ச். ஒல்லியானது, முனை 30 அல்லது 60 டிகிரி. ஸ்பிரிங் வைத்த ஆட்டோமேட்டிக் பஞ்சும் உண்டு. அமுக்கினால் டக்கென்று தானே அடிக்கும், சுத்தியல் வேண்டாம். பைன் மாதிரி மெத்தென்ற மரமென்றால் அதன் தலையைத் திருகி அடியின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு என்னவோ சாதா பிரிக் பஞ்ச்தான் பிடிக்கும். கூரான கத்தியால் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடு கீறுங்கள். பஞ்சைச் சாய்த்துப் பிடித்து, முனையை ஒரு கோட்டில் வைத்து மெல்ல நகர்த்துங்கள். இரண்டு கோடும் சேரும் இடத்தில் முனை லேசாகத் தடுக்கும். கண்ணுக்கு முன்னால் விரலுக்குத் தெரிந்துவிடும். அங்கேயே நிமிர்த்தி, உள்ளங்கையால் ஒரு அழுத்து. பெரும்பாலும் சுத்தியலுக்கு வேலையே இருக்காது.

அப்பா காலத்தில் குத்தூசிதான். சில குத்தூசியின் நுனி குட்டி உளி மாதிரி தட்டையாக இருக்கும். அதை ரேகைக்குக் குறுக்கே வைத்துக் குத்தினால் நார் அறுபடும். ரேகையோடு வைத்தால் மெல்லிய சட்டம் பிளந்துகொள்ளும்.

முனை மழுங்கினால் சாணையில் பிடியுங்கள். அடிக்கடி தண்ணீரில் தோய்க்க வேண்டும். முனை நீலம் பாய்ந்தால் எஃகின் பதம் போய்விட்டது என்று அர்த்தம். அடிபட்டு அடிபட்டு, தலை காளான் போல விரிந்திருந்தால் அதையும் தேய்த்துவிடுங்கள், சில்லு தெறித்துக் கண்ணில் படும்.

கடையிலேயே கூர் பார்க்க வேண்டுமா? முனையைக் கட்டைவிரல் நகத்தில் சாய்வாக லேசாக வையுங்கள். வழுக்கினால் வேண்டாம், ஒட்டி நின்றால் எடுங்கள். நாலைந்தை இப்படிப் பார்த்தால் கடைக்காரர் முறைப்பார். முறைக்கட்டும். வணக்கம்.