காய்ந்த தூளே எரிபொருள்

அவைத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாவட்டத் தொழில் மையப் பொது மேலாளர் அவர்களே, மர அறுவை மில் உரிமையாளர் சங்கப் பெரியவர்களே, வாடகை வாங்காமல் இந்த மண்டபத்தைத் தந்த பள்ளித் தாளாளர் அவர்களே, வேலையை விட்டு வந்திருக்கும் ரம்பத் தொழிலாளர்களே, பாய்லர் தொழிலாளர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

மரக்கழிவு சூட்டில் எப்படிப் பிரிகிறது, அதை ஏன் காயவைக்க வேண்டும், எந்தக் கழிவு அடுப்புக்கு ஆகும் என்று மூன்று பகுதியாகப் பேச இருக்கிறேன்.

நெருப்பில்லாமல் புகையாது என்கிறோம். மரம் புகைய நெருப்பு வேண்டாம், சூடு போதும். 100 டிகிரியை ஒட்டித் தண்ணீர் போகும். மரம் மூன்று பொருள்களால் ஆனது. 220க்கு மேல், நார்களைப் பிணைக்கும் ஹெமிசெல்லுலோஸ் உடையும். 315 முதல் 400 வரை நாரான செல்லுலோஸ் மளமளவென்று ஆவியாகும். நாருக்கு உறுதி தரும் லிக்னின் மட்டும் 160இல் தொடங்கி 900 வரை இழுத்துக்கொண்டு போகும்; மிஞ்சும் கரியில் பெரும்பங்கு அது தருவது. காய்ந்த மரத்தின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் இப்படி ஆவியாகிறது: கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன், மீத்தேன், ஆறினால் பிசுபிசுவென்று ஒட்டும் தார். சுடராக நம் கண்ணுக்குத் தெரிவது இந்த ஆவி எரிவதுதான். எரியாமல் புகைபோக்கியில் ஏறினால், அது நீங்கள் காசு கொடுத்து வாங்கிய எரிபொருள்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்துக் கரி பஸ்ஸைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். பெட்ரோல் பஞ்சம். பஸ்ஸின் பின்னால், கரியை எரிவாயுவாக்கி எஞ்சினுக்கு அனுப்பும் பெரிய இரும்பு உருளை. கிளீனர் கரியைக் கொட்டித் தீ மூட்டி, ஊதுவிசிறியின் கைப்பிடியைக் கை ஓயச் சுற்றுவார். வாயு பிடித்த பிறகே எஞ்சின் உறுமும். மேடு வந்தால் திணறும். பயணிகள் இறங்கித் தள்ளுவார்கள். விறகு இருக்கக் கரியை ஏன் போட்டார்கள்? தாருக்குப் பயந்து! விறகைக் கரியாக்கும் மூட்டத்திலேயே தார் வெளியேறிவிடுகிறது. விறகைப் போட்டிருந்தால் அது வால்வில் அப்பி எஞ்சினையே இறுக்கியிருக்கும். அதே காலத்தில் ஐரோப்பாவில் விறகிலேயே வண்டி ஓட்டினார்கள். பிரெஞ்சுப் பொறியாளர் ஜார்ஜ் இம்பெர்ட் அமைத்த வாயு உலையில் ஆவி முழுவதும் குறுகிய கழுத்தில் கிடக்கும் தணல் வழியே இறங்க வேண்டும். அங்கே தார் உடைந்து வாயுவாகும். அதற்கும் விறகின் ஈரம் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மிஞ்சினால் கழுத்தின் சூடு இறங்கும், தார் உடையாமல் தப்பும்.

நான் ஊர் ஊராகச் சொல்லிவருவதும் இதுதான்: காய வையுங்கள்! பச்சை மரத்தூள் 100 கிலோவில் பாதி தண்ணீர். அதை ஆவியாக்கவே ஏறக்குறைய 7 கிலோ உலர்மரத்தின் வெப்பம் போகும். அதைவிடப் பெரிய நட்டம், அடுப்பு குளிர்ந்து தார் எரியாமல் போவது. நெருப்பில்லாமலும் புகையும் என்றேன் அல்லவா, வெண்புகை குபுகுபுவென்று வந்தால் நெருப்பு தோற்றுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

ஈரத்தூளை ஆள் உயரத்துக்குக் குவிக்காதீர்கள், உள்ளே தானாகவே சூடேறும். தூளை அப்படியே வாயு உலையில் கொட்டினால் காற்று அடைபடும். 10 சதவீத ஈரத்துக்குக் காயவைத்துக் கட்டியாக அழுத்துங்கள். பெயின்ட் அடித்த பலகையும் மருந்தேற்றிய மரமும் அடுப்புக்கே ஆகாது.

தொழில் மைய மேலாளர் அவர்களே, ஒவ்வொரு மில்லுக்கும் சிமென்ட் தரை, தகரக் கூரை, நான்கு பக்கமும் காற்றோட்டம் உள்ள ஓர் உலர்களம் வேண்டும். மழை தொடங்குமுன் அதற்குக் கடன் கிடைக்க வழிசெய்யுங்கள். மில் உரிமையாளர்கள் மனுவில் கையெழுத்திட்டு மேடைக்கு எடுத்து வாருங்கள்.