செவர்ன் ஆற்றின் இரும்புப் பாலம்

நேயர்களுக்கு வணக்கம். நான் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் கட்டமைப்புப் பொறியியல் முதுநிலைப் படிப்புப் படித்துவந்தபோது, விடுமுறை கிடைத்தால் உடன் படித்தவர்கள் லண்டனுக்குப் புறப்படுவது வழக்கம். நான் ஒரு சனிக்கிழமை டெல்ஃபோர்டு நகருக்கு ரயிலேறி, அங்கிருந்து பேருந்து பிடித்து, செவர்ன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் நிற்கும் இரும்புப் பாலத்தைப் பார்க்கச் சென்றேன். வார்ப்பிரும்பால் கட்டப்பட்ட உலகின் முதல் பெரிய பாலம் அது. அதன் பெயரே அந்த ஊருக்கும் பெயராகிவிட்டது.

அதை ஒட்டிய கோல்புரூக்டேல் என்னும் இடத்தில், 1709ஆம் ஆண்டில், முதலாம் ஆபிரகாம் டார்பி மரக்கரிக்குப் பதிலாக, நிலக்கரியைச் சுட்டு எடுக்கும் கற்கரியைக் கொண்டு இரும்புத் தாதுவை உருக்கினார். அவருடைய பேரனான மூன்றாம் ஆபிரகாம் டார்பி 1779இல் ஆற்றின் குறுக்கே இரும்பு வளைவை எழுப்பினார். சரக்குப் படகுகள் ஓயாமல் சென்ற ஆறு. செங்குத்தான, உறுதியற்ற கரைகள். ஆகவே நடுவில் தூண் நிறுத்தாமல் ஏறக்குறைய 30 மீட்டர் தூரத்தை ஒரே வளைவில் தாண்ட வேண்டியிருந்தது. வடிவமைப்பைத் தந்த தாமஸ் பிரிட்சர்ட், பாலம் எழுவதற்கு முன்பே, 1777இல் காலமானார்.

தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு வளைவின் அழகுதான் தெரியும். கரையோரப் பாதையில் இறங்கிப் பாலத்தின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தபோதுதான் எனக்கு வியப்பு தொடங்கியது. இன்றைய பொறியாளர் ஒருவர் இரும்புச் சட்டங்களை இணைக்கப் பயன்படுத்தும் பற்றவைப்பு போன்ற முறைகள் அங்கே தென்படவில்லை. ஒரு சட்டத்தின் கழுந்து, அதாவது நீட்டிய முனை, மற்றொன்றின் துளைக்குள் புகுந்திருக்கிறது. சில இடங்களில் புறாவின் வால்போல விரிந்த முனைகள் ஒன்றையொன்று கவ்வியிருக்கின்றன. இடைவெளிகளில் ஆப்பு அடித்து இறுக்கியிருக்கிறார்கள். நம் வீட்டுக் கதவு நிலைகளில் தச்சர்கள் போடும் மூட்டுகளே, டன் கணக்கான எடையுள்ள இரும்பில் போடப்பட்டிருக்கின்றன. பிரிட்சர்ட் தச்சுத் தொழிலில் பயிற்சி பெற்றவர் என்பதும் இங்கே நினைவுகூரத்தக்கது. இரும்புக்கென்று தனி மூட்டு முறை உருவாகாத காலத்தில், கைக்குப் பழகிய மர வேலையையே அவர்கள் இரும்புக்கும் கொண்டுவந்தார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

இவ்வளவு பாரத்தைப் இன்றைய பாரந்தூக்கி இயந்திரங்கள் இல்லாத நாளில் எப்படித் தூக்கி நிறுத்தினார்கள் என்பது வெகுகாலம் புதிராகவே இருந்தது. எலியாஸ் மார்ட்டின் என்னும் சுவீடன் நாட்டு ஓவியர், பாலம் எழுந்துகொண்டிருக்கும்போதே வரைந்த நீர்வண்ண ஓவியமொன்று 1997இல் ஸ்டாக்ஹோமில் கிடைத்தது. ஆற்றின்மேல் நின்ற மரச் சட்டகத்தின் துணையால் இரும்பு வளைவுகள் ஏற்றப்பட்டதை அது காட்டியது. ஆயிரம் பக்கக் கணக்கேடுகள் சொல்லாததை ஓர் ஓவியம் சொல்வதுண்டு. பொறியாளர்கள் இதை எளிதில் ஒப்புக்கொள்வதில்லை.

பாலத்தில் செலவான இரும்பு சுமார் 380 டன். மதிப்பிட்டதைவிடச் செலவு பெருகி, அந்தக் கடன் டார்பியை வாழ்நாள் முழுவதும் துரத்தியது. அதே ஆற்றில் சற்று மேலே, பில்டுவாஸ் என்னுமிடத்தில், 1796இல் பொறியாளர் தாமஸ் டெல்ஃபோர்டு எழுப்பிய பாலம் இதைவிட நீளமான வளைவுடையது; ஆனால் அதற்கு இதில் பாதிக்கும் குறைவான இரும்பே போதுமாயிற்று. பதினேழே ஆண்டுகளில் எத்துணை மாற்றம்! யமுனையின் மேல் 1866இல் கட்டி முடிக்கப்பட்ட நம் தில்லியின் பழைய இரும்புப் பாலம், மேலே ரயிலும் கீழே சாலையுமாக இரண்டு தட்டுகளைத் தாங்கி நிற்பதற்கு, அதற்குள் வளர்ந்திருந்த கணக்கீட்டு அறிவே காரணம். ஆண்டுதோறும் மழைக்காலத்தில் அந்தப் பாலத்தருகே அளக்கப்படும் நீர்மட்டத்தைச் செய்திகளில் நீங்கள் கேட்டிருப்பீர்கள். அபாய அளவு 205.33 மீட்டர். செவர்னும் இப்படிப் பொங்கும் ஆறுதான். 1795ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தில் பில்டுவாஸில் இருந்த கற்பாலம் அடித்துச் செல்லப்பட்டது. நீர் ஊடுருவிச் செல்ல இடங்கொடுத்த இரும்புப் பாலமோ அசையாமல் நின்றது.

வெள்ளத்தைவிட அதற்குப் பெரிய பகை கரைகளே. இரு கரைகளும் மெல்ல மெல்ல உள்நோக்கி நகர்ந்து வளைவை நெருக்கியதால், 1970களில் ஆற்றின் அடியில் கான்கிரீட் தாங்கலை அமைத்துக் கரைகளைப் பிரித்து நிறுத்த வேண்டியதாயிற்று. வண்டிப் போக்குவரத்து 1934இலேயே நின்றுவிட்டது. பாலத்தின் முனையில் இருக்கும் சுங்கச் சாவடியின் பழைய கட்டணப் பலகை எனக்கு மிகவும் பிடித்தது: இப்பாலம் தனியார் சொத்து ஆகையால், கடமையில் இருக்கும் படைவீரரும் அரச குடும்பத்தாரும்கூடக் கட்டணம் செலுத்த வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. கடன்பட்டுக் கட்டிய பாலத்துக்கு அந்தக் கண்டிப்பு வேண்டியதுதான். நடந்து கடப்பவர்களிடம் 1950 வரை சுங்கம் வசூலித்தார்கள். நான் சென்றபோது யாரும் காசு கேட்கவில்லை.