இரு சக்கரம், ஒரே வில்நீளம்

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து பேசுகிறேன். ஐந்தாம் படிவத்தில் கூடுதல் கணிதம் எடுத்திருக்கும் தம்பி தங்கைகள் பலர், முதல் பாடமான ‘சுகாத்தான் மெம்புலாட்’டில், அதாவது வட்ட அளவையில், ‘வில்நீளம் = ஆரம் × ரேடியனில் கோணம்’ என்ற சூத்திரத்தைத் தடங்கலின்றிச் சொல்கிறார்கள், ஆனால் இணைந்த இரண்டு பற்சக்கரங்களில் ஒன்று இவ்வளவு திரும்பினால் மற்றது எவ்வளவு திரும்பும் என்று கேட்டால், எதை எதால் பெருக்குவது, எதை எதால் வகுப்பது என்று தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தைப் போக்கத்தான் ரப்பர் ஷீட் போடும் இந்தப் பழைய மெஷினைத் துடைத்து வைத்திருக்கிறேன்.

செம்பனை இந்த வட்டாரத்தில் பரவுவதற்கு முன், பால்மரமே நம்மவர்களின் பிழைப்பாக இருந்தது. தட்டில் அமிலம் கலந்து உறையவைத்த ரப்பர் பாலை இந்த இரண்டு உருளைகளுக்கு நடுவில் விட்டுக் கைப்பிடியைச் சுற்றினால், தண்ணீர் பிழியப்பட்டு மெல்லிய ஷீட்டாக மறுபக்கம் வரும். அதன்பின் அது புகைக்கூடத்துக்குப் போகும். கைப்பிடியோடு இருப்பது 20 பல் கொண்ட சிறிய சக்கரம், உருளையோடு இருப்பது 50 பல் கொண்ட பெரிய சக்கரம். ஆரங்களை 6 செ.மீ., 15 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஆரம் என்று நான் சொல்வது பல்லின் நுனி வரை அளப்பதையோ அடி வரை அளப்பதையோ அன்று. இரண்டு சக்கரங்களும் வழுக்காமல் உருள்வதாகக் கருதப்படும் இடைப்பட்ட வட்டத்தின் ஆரத்தையே சொல்கிறேன்.

கேமராவை அருகில் கொண்டுவருகிறேன். பற்கள் கவ்வும் இடத்தில், இரண்டு சக்கரங்களிலும் வெண்கட்டியால் ஒரு கோடு போடுகிறேன். கைப்பிடியைக் கால் சுற்று மட்டும் சுற்றுகிறேன். சிறிய சக்கரத்தில் 5 பல் நகர்ந்திருக்கிறது; பெரிய சக்கரத்திலும் எண்ணுங்கள், அதே 5 பல். ஒரு பல் இங்கே நகராமல் அங்கே நகர வழியே இல்லை. ஆகவே, கவ்வும் இடத்தைக் கடந்து சென்ற வில்நீளம் இரண்டுக்கும் சமம். இணைந்த பற்சக்கரங்களைப் பற்றிய கணக்கு முழுவதும் இந்த ஒரு சமன்பாட்டில்தான் அடங்கியிருக்கிறது.

சிறிய சக்கரம் திரும்பியது 90 பாகை, அதாவது π/2 ரேடியன். வில்நீளம் 6 × π/2 = 3π செ.மீ. அந்த 3π பெரிய சக்கரத்திலும் நகர்ந்ததால், 3π ÷ 15 = π/5 ரேடியன், அதாவது 36 பாகை. பற்களை வைத்துச் சரிபார்த்தால், 50இல் 5 என்பது பத்தில் ஒரு சுற்று. அதுவும் 36 பாகையே. சுழலும் திசை மட்டும் எதிரெதிராக இருக்கும். இவற்றுக்கு நடுவில் மூன்றாவது சக்கரம் ஒன்றை, எந்த அளவில் செருகினாலும், அதே வில்நீளமே அதன் வழியாகக் கடத்தப்படும் என்பதால் கடைசிச் சக்கரத்தின் கோணம் மாறாது. திசை மட்டுமே மாறும்.

வில்நீளத்தைச் செ.மீ.யில் காணும்போது கோணம் ரேடியனில் இருந்தே ஆக வேண்டும். கோணங்களின் விகிதம் மட்டும் போதுமென்றால் பாகையிலேயே 6 × 90 = 15 × 36 என்று எழுதலாம்; இருபுறமும் ஒரே மாற்றுக் காரணி வந்து நீங்கிவிடும்.

அடுத்ததுதான் மாணவர்கள் அதிகமாகத் தடுமாறும் இடம். உருளையும் பெரிய சக்கரமும் ஒரே தண்டில் பொருத்தப்பட்டவை. ஒரே தண்டில் இருப்பவற்றுக்குக் கோணம் சமம். ஆரம் வேறாக இருப்பதால் வில்நீளம் வேறு. பற்கள் கவ்வும் இடத்தில் வில்நீளம் சமம், தண்டில் கோணம் சமம் என்று படத்தின் ஒவ்வோர் இணைப்பிலும் எழுதிவைத்துவிட்டுக் கணக்கைத் தொடங்குங்கள் என்பதே நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. உருளையின் ஆரம் 5 செ.மீ. எனில், அந்தக் கால் சுற்றுக்கு 5 × π/5 = π செ.மீ., அதாவது ஏறத்தாழ 3.14 செ.மீ. ஷீட் வெளிவரும்.

இதையே பின்னோக்கிச் செய்து பார்ப்போம். 60 செ.மீ. நீளமுள்ள ஷீட் வெளிவர வேண்டும், ரப்பர் வழுக்கவில்லை. உருளை திரும்ப வேண்டியது 60 ÷ 5 = 12 ரேடியன். அதே தண்டு என்பதால் பெரிய சக்கரத்துக்கும் 12 ரேடியன்; அதன் வில்நீளம் 15 × 12 = 180 செ.மீ. அந்த 180ஐச் சிறிய சக்கரத்தின் 6ஆல் வகுத்தால் 30 ரேடியன். ஒரு முழுச் சுற்று 2π என்பதால், 30 ÷ 2π ஏறத்தாழ 4.77. கைப்பிடியின் ஐந்தாவது சுற்று முடிவதற்குச் சற்று முன்பே ஷீட் முழுவதும் வெளியே வந்துவிடும்.