களைப்பு காலில் இருக்கிறதா, தலையில் இருக்கிறதா?

[திரை: சேப்பாக்கம் மைதானத்தின் பழைய கருப்பு வெள்ளைப் படம். பின்னணியில் கூட்டத்தின் இரைச்சல்.]

வணக்கம். 1986 செப்டம்பர். சென்னைக்கு அப்போது மெட்ராஸ் என்று பெயர். சேப்பாக்கத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் டெஸ்ட் ஆடுகின்றன. கொளுத்தும் வெயில், அதற்கு மேல் கடற்கரை ஊரின் புழுக்கம். நம் ஊர் ஆட்களே நிழல் தேடும் நேரத்தில், 25 வயது டீன் ஜோன்ஸ் மட்டையோடு நிற்கிறார். அதுவரை அவர் ஆடியது இரண்டே டெஸ்ட்.

503 நிமிடம் நின்றார். அதாவது எட்டு மணி நேரத்துக்கும் மேல். எடுத்தது 210 ரன். இடையில் ஆடுகளத்துக்குப் பக்கத்திலேயே வாந்தி எடுத்தார். தன்னை அறியாமல் சிறுநீர் போனது. கால் தசைகள் பிடித்துக்கொண்டன. இனி முடியாது, வெளியே போகிறேன் என்று சொன்னபோது, எதிர்முனையில் நின்ற கேப்டன் ஆலன் பார்டர், சரி போ, உறுதியான ஒரு குயின்ஸ்லாந்துக்காரனை வரச்சொல்கிறேன் என்கிற மாதிரி பதில் சொன்னார். ஜோன்ஸ் விக்டோரியா மாநிலத்துக்காரர். அந்த ஒரு வார்த்தை சுருக்கென்று தைத்தது. அவர் போகவில்லை. 120 ரன்னுக்கு அப்புறம் நடந்தது எதுவும் நினைவில் இல்லை என்று பின்னாளில் சொன்னார். ஆட்டமிழந்ததும் மருத்துவமனைக்குக் கொண்டுபோய் சலைன் ஏற்றினார்கள்.

ஒரு நிமிடம் இதை யோசித்துப் பாருங்கள். அவர் உடம்பில் தண்ணீர் இல்லை, உப்பு இல்லை. அது நிஜம். அளந்து காட்டக்கூடிய நிஜம். ஆனால் 'முடியாது' என்று சொன்ன அதே உடம்பு, ஒரு வார்த்தை கேட்டதும் இன்னும் பல ஓவர்கள் ஆடியது. ஒரு வாக்கியம் தசைக்குள் தண்ணீர் ஊற்றாது. அப்படியானால் அந்த 'முடியாது' எங்கிருந்து வந்தது?

[திரை: 'அலுப்பு' என்ற ஒற்றைச் சொல்.]

தமிழில் அலுப்பு என்று ஒரு சொல் வைத்திருக்கிறோம். ராத்திரி முழுக்க பஸ்ஸில் வந்தால் பயண அலுப்பு. அது உடம்பில் இருப்பது. ஒரே கணக்கை முப்பது தடவை போட்டால் 'அலுத்துப்போச்சு' என்கிறோம். அது மனசில் இருப்பது. இரண்டுக்கும் ஒரே சொல். உடற்செயலியல் அறிஞர்கள் நூறு வருடத்துக்கும் மேலாக இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் போராடிவிட்டு, இவை நாம் நினைத்த அளவுக்குத் தனித்தனி இல்லை என்ற இடத்துக்கு வந்திருக்கிறார்கள்.

முதலில் உடம்பைப் பார்ப்போம்.

ஒரு தசை சுருங்க வேண்டும் என்றால் மூளையிலிருந்து நரம்பு வழியே செய்தி வர வேண்டும். செய்தி வந்ததும் தசை நாருக்குள் கால்சியம் திறந்துவிடப்படும். அந்தக் கால்சியம் வந்தால்தான் நார்கள் ஒன்றை ஒன்று பற்றி இழுக்கும். வேகமாக ஓடும்போது எரிபொருள் உடைந்து பாஸ்பேட் சேர்கிறது. அது சேரச் சேர கால்சியம் சரியாக வெளியே வருவதில்லை, வந்தாலும் நார்கள் முன்பு போல இழுப்பதில்லை. மனசு எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் அந்த நொடியில் அந்தத் தசை குறைவாகத்தான் இழுக்கும்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், இது எனக்கு நெடுநாள் ஆதங்கம். 'லாக்டிக் ஆசிட் சேர்ந்துடுச்சு, அதான் மறுநாள் கால் வலிக்குது' என்று இன்றைக்கும் மைதானத்துக்கு மைதானம் சொல்கிறார்கள். ஓடி முடித்து ஒரு மணி நேரம் போல ஆனாலே இரத்தத்தில் லாக்டேட், அதாவது அந்த லாக்டிக் ஆசிட் உடம்பில் இருக்கும் வடிவம், பழைய அளவுக்கு வந்துவிடும். அதை இதயமும் மற்ற தசைகளும் எரிபொருளாகவே பயன்படுத்துகின்றன. மறுநாள் வலி, பழக்கமில்லாத வேலையால் தசை நாரில் ஏற்படும் நுண்ணிய சேதத்தால் வருவது. இறக்கத்தில் ஓடினால் அந்த வலி இன்னும் கூடுதலாக வருவதைக் கவனித்திருப்பீர்கள்.

நீண்ட தூரம் என்றால் கதை வேறு. தசையிலும் கல்லீரலிலும் கிளைகோஜன் என்ற பெயரில் சர்க்கரை சேமிப்பு இருக்கிறது. மாரத்தானில் 30 கிலோமீட்டரை ஒட்டிப் பலருக்கு அது தீர்ந்துவிடும். ஓடுபவர்கள் அந்த இடத்துக்குச் 'சுவர்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

அப்புறம் வெப்பம். இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், நம் ஊருக்கு இதுதான் பெரிய எதிரி. வியர்வை உடம்பைக் குளிர்விப்பது அது காயும்போதுதான். சென்னை, தூத்துக்குடி மாதிரி ஊர்களில் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை காயாது, சொட்டிக் கீழே விழும். தண்ணீரும் உப்பும் போகும், குளிர்ச்சி கிடைக்காது. சூட்டை வெளியே தள்ள இரத்தம் தோலுக்கு ஓட வேண்டும். தசைக்கும் அதே இரத்தம் வேண்டும். இதயம் இரண்டு பக்கமும் இழுபடும். உள் வெப்பநிலை 40 டிகிரியை ஒட்டி வரும்போது, நல்ல பயிற்சி உள்ளவர்கள் கூட நிறுத்திவிடுகிறார்கள். ஆய்வுக்கூடத்தில் சைக்கிள் மிதிக்க வைத்துப் பார்த்ததில், குளிர்ந்த உடம்போடு தொடங்கினாலும் சூடான உடம்போடு தொடங்கினாலும், நிறுத்தும்போது இருந்த உள் வெப்பநிலை ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது.

[திரை: 1984, லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக் மைதானம்.]

1984இல் பெண்களுக்கான முதல் ஒலிம்பிக் மாரத்தான். சுவிட்சர்லாந்தின் கேப்ரியேலா ஆண்டர்சன் ஷீஸ் மைதானத்துக்குள் வரும்போது உடம்பு ஒரு பக்கமாக வளைந்திருந்தது. ஒரு கை தொங்கியது. கடைசி ஒரு சுற்றுக்கு மட்டும் 5 நிமிடம் 44 விநாடி எடுத்துக்கொண்டார். மருத்துவர்கள் ஓடி வந்தார்கள். தொட்டால் தகுதியிழப்பு, அதனால் அவர் விலகிப் போனார். அவர்களும் தொடவில்லை. ஏன் தெரியுமா? அவருக்கு இன்னும் வியர்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்தார்கள். வியர்க்கிறது என்றால் உடம்பு இன்னும் தன்னைக் குளிர்விக்கப் பார்க்கிறது என்று கணித்துத் தொடர விட்டார்கள். 37ஆவதாக முடித்தார்.

சரி, இப்போது தலைக்கு வருவோம்.

[திரை: விரலில் கட்டிய கயிறு, கயிற்றின் நுனியில் எடைக்கல்.]

இத்தாலியின் டூரின் நகரத்தில் ஆஞ்செலோ மோசோ என்ற உடற்செயலியல் பேராசிரியர் இருந்தார். விரலில் கயிறு கட்டி, அதன் நுனியில் எடையைத் தொங்கவிட்டு, விரலை மடக்கி மடக்கித் தூக்கச் சொல்வார். ஒவ்வொரு தூக்கலையும் ஒரு கருவி கோடாக வரையும். கோடுகள் குறுகிக்கொண்டே போய்க் கடைசியில் நின்றுவிடும். அவருடைய சக ஆசிரியர்கள் பாடம் நடத்திவிட்டோ, மாணவர்களுக்கு வாய்மொழித் தேர்வு வைத்துவிட்டோ வந்து அதே எடையைத் தூக்கியபோது, கோடுகள் சீக்கிரமே குறுகின. அவர்கள் விரலால் எந்த வேலையும் செய்துவிட்டு வரவில்லை. பேசினார்கள், கேட்டார்கள், யோசித்தார்கள். அவ்வளவுதான். 1891இல் மோசோ இதை எழுதிவைத்தார். அப்புறம் ரொம்ப காலத்துக்கு யாரும் அதைப் பெரிதாகத் தொடரவில்லை.

2009இல் சாமுவேலே மார்கோரா என்ற இன்னொரு இத்தாலியரும் அவர் குழுவும், வேல்ஸின் பாங்கர் பல்கலைக்கழகத்தில் இதை முறையாகச் செய்தார்கள். 16 பேர். ஒரு நாள் அவர்கள் 90 நிமிடம் கணினி முன் உட்கார்ந்து, திரையில் வரும் எழுத்துகளைக் கவனித்து, குறிப்பிட்ட வரிசை வந்தால் ஒரு பொத்தானையும் வராவிட்டால் வேறொன்றையும் அழுத்த வேண்டும். கண்ணை எடுக்க முடியாது. இன்னொரு நாள் அதே 90 நிமிடம் ரயிலையும் ஃபெராரி காரையும் பற்றிய ஆவணப்படங்கள் பார்த்தார்கள். இரண்டு நாளும் அதற்குப் பிறகு சைக்கிள். அவரவர் உச்ச ஆற்றலில் 80 சதவீதத்தில், முடியாத வரைக்கும் மிதிக்க வேண்டும்.

படம் பார்த்த நாளில் சராசரியாக 754 விநாடி மிதித்தார்கள். எழுத்தைப் பார்த்து மூளை களைத்த நாளில் 640 விநாடி. ஏறக்குறைய இரண்டு நிமிடம் குறைவு.

இதயம் பலவீனமாகிவிட்டதா? இல்லை. ஆக்ஸிஜன் எடுப்பதிலோ லாக்டேட்டிலோ, இந்த வித்தியாசத்தை விளக்கும்படி எதுவும் கிடைக்கவில்லை. மாறியது ஒன்றே ஒன்று. 'எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது?' என்று கேட்டால், மூளை களைத்த நாளில் ஆரம்பத்திலிருந்தே கூடுதலான எண் சொன்னார்கள். தெருக்குழாயிலிருந்து குடம் தூக்கி வந்திருந்தால் இது புரியும். குடத்தில் அதே தண்ணீர்தான், ஆனால் தெருமுனையில் இருந்த கனம் வீட்டு வாசலில் இல்லை, கூடியிருக்கும். மனக்களைப்போடு கிளம்புகிறவருக்கு, குழாயடியிலேயே அந்த வாசல் கனம் தெரிகிறது. தாங்கக்கூடிய அளவு என்று ஒன்று அவருக்குள் இருக்கிறது, அதை அவர் சீக்கிரம் தொட்டுவிடுகிறார்.

எல்லா ஆய்விலும் இதே அளவு வித்தியாசம் கிடைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முதலில் தெரிந்ததைவிட விளைவு சிறியது என்று வாதிடும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். ஒரே ஒரு தடவை முழுப் பலத்தோடு எகிறிக் குதிப்பது, எடை தூக்குவது மாதிரியான வேலைகளில் மனக்களைப்பு பெரிதாகக் கைவைப்பதில்லை. இழுத்துப் பிடித்துத் தொடர வேண்டிய வேலைகளில்தான் அது வேலையைக் காட்டுகிறது.

நுணுக்கம் வேண்டிய வேலைகளிலும் அப்படித்தான். கால்பந்து ஆடுபவர்களுக்கு அரை மணி நேரம் ஸ்ட்ரூப் என்ற சோதனை வைத்தார்கள். 'சிவப்பு' என்ற சொல் பச்சை மையில் எழுதியிருக்கும், நீங்கள் மையின் நிறத்தைச் சொல்ல வேண்டும். வீட்டில் செய்து பாருங்கள், ஐந்து நிமிடத்தில் தலை கனக்கும். அதன் பிறகு பந்தைக் கடத்துவதில் பிழைகள் கூடின, கோலை நோக்கி உதைத்த பந்தின் வேகமும் குறியும் குறைந்தன. ஆட்டத்துக்கு முன்னால் கைப்பேசியில் அரை மணி நேரமோ அதற்கு மேலோ சமூக ஊடகம் பார்த்த ஆட்டக்காரர்களிடமும், யாருக்குப் பந்தைத் தள்ளுவது என்ற முடிவு மோசமானதைப் பிரேசில் ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். கால் மணி நேரம் மட்டும் பார்த்தவர்களிடம் அந்த வித்தியாசம் தெரியவில்லை. கபடியில் ரெய்டுக்குக் கிடைப்பது 30 விநாடி. எந்தப் பக்கம் சங்கிலி மூடுகிறது என்று கவனிப்பதில் ஒரு கணம் பிந்தினாலே போதும், ஆள் உள்ளே மாட்டிக்கொள்வார்.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை வேறொன்று. சைக்கிள் வீரர்கள் ஒரு மணி நேரம் போலத் தொடரும் பந்தயத் தூரத்தை ஓட்டினார்கள். இடையிடையே சர்க்கரை வகையான மால்டோடெக்ஸ்ட்ரின் கலந்த நீரை வாயில் ஊற்றிக் கொப்பளித்துத் துப்பினார்கள். விழுங்கவே இல்லை. அப்படியும் வெறும் தண்ணீர் கொப்பளித்த நாளைவிட ஏறக்குறைய இரண்டு நிமிடம் முன்னதாக முடித்தார்கள். தசைக்கு ஒரு துளி எரிபொருள் போகவில்லை. 'சாப்பாடு வருகிறது' என்று நாக்கு மூளைக்குச் சொன்னது, மூளை கொஞ்சம் பிடியைத் தளர்த்தியது. ஜோன்ஸுக்குக் காதில் விழுந்தது, இவர்களுக்கு நாக்கில் பட்டது.

[திரை: பள்ளி மைதானம், மாலை வெளிச்சம், தனியாக ஓடும் ஒரு பெண்.]

இந்த வீடியோவை நான் செய்யக் காரணம் என் அக்கா மகள். பத்தாம் வகுப்பு, 3000 மீட்டர் ஓடுகிறாள். திருப்புதல் தேர்வு வாரத்தில் காலையில் மூன்று மணி நேரம் எழுதுவாள், மதியம் சிறப்பு வகுப்பு, மாலை ஐந்துக்கு மைதானம். அந்த வாரம் முழுக்க அவள் நேரம் மோசமாக வந்தது. சோம்பேறித்தனம், மனசு இங்கே இல்லை என்று பயிற்சியாளர்கள் எல்லார் முன்னாலும் நிற்கவைத்துச் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து, 'சித்தி, நிஜமாவே கால் கனத்துச்சு' என்றாள். நான் அவளை நம்பினேன். மோசோவின் சக ஆசிரியர்களுக்கு விரல் கனத்தது என்றால் இவளுக்குக் கால் கனக்காதா?

பழகினால் தாங்க முடியும் என்பதும் உண்மைதான். தொழில்முறை சைக்கிள் வீரர்களையும் பொழுதுபோக்காக ஓட்டுபவர்களையும் அரை மணி நேரம் ஸ்ட்ரூப் செய்யவைத்து, பிறகு 20 நிமிடம் மிதிக்கவிட்டார்கள். மற்றவர்கள் வேகம் குறைந்தது, தொழில்முறை வீரர்களுக்குக் குறையவில்லை. ஆனால் அந்தத் தாங்கும் திறன் வருடக்கணக்கில் வருவது. அது அவர்களுடன் பிறந்ததா, பயிற்சியில் வந்ததா என்றுகூட அந்தச் சோதனையால் சொல்ல முடியாது. பதினைந்து வயதுப் பெண்ணிடம் தேர்வு வாரத்தில் அதை எதிர்பார்க்கக் கூடாது.

தூக்கத்தின் பங்கும் பெரிது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் கூடைப்பந்து வீரர்கள் 11 பேரை, சில வாரங்கள் தினமும் 10 மணி நேரம் படுக்கையில் இருக்கச் சொன்னார்கள். யாரும் தடுக்காமல் கூடையை நோக்கி எறியும் ஃப்ரீ த்ரோவில் குறி 9 சதவீதம் கூடியது. விரைவோட்ட நேரம் 16.2 விநாடியிலிருந்து 15.5 ஆனது. ஒப்பிட வேறு குழு இல்லாத சிறிய ஆய்வு அது, ஆனாலும் காலை நாலரை மணிக்கு எழுப்பி ஓடவிடும் நம் பழக்கத்தை யோசிக்க வைக்கிறது.

ஜோன்ஸ் கதையை வீரக்கதையாக மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லாதீர்கள் என்று பயிற்சியாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அன்று அவர் உயிருக்கே ஆபத்து இருந்தது. மூளை கட்டும் கடிவாளம் காரணத்தோடு கட்டியது. தேர்வு எழுதிய களைப்பில் 'முடியல' என்கிற பிள்ளையும், வெயிலில் பேச்சு குழறி, தடம் மாறி ஓடும் பிள்ளையும் ஒன்றல்ல. இரண்டாவது பிள்ளையை அந்த நொடியே நிறுத்தி, நிழலில் கிடத்தி, உடம்பு முழுக்கக் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, ஆம்புலன்ஸுக்கு 108ஐ அழைக்க வேண்டும்.

அக்கா மகளின் அட்டவணையை இப்போது மாற்றியிருக்கிறோம். பயிற்சியாளர்களிடம் நானே போய்ப் பேசினேன், அவர்களும் காது கொடுத்துக் கேட்டார்கள். தேர்வு நாளில் நீண்ட ஓட்டம் கிடையாது. குதித்தல், குறுகிய வேக ஓட்டம், நீட்டி மடக்கும் பயிற்சி, அவ்வளவுதான். நீண்ட ஓட்டம் ஞாயிற்றுக்கிழமை, அதுவும் நன்றாகத் தூங்கி எழுந்து, ஆறரை மணிக்கு. மைதானத்துக்குப் போகும் வழியில் கைப்பேசி என் பையில் இருக்கும்.