மடை திறக்கும் நாளை அணையிடம் கேளுங்கள்

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் அண்ணன்மார்களே, அக்காமார்களே, குமுளியிலிருந்து மலை இறங்கி வந்திருக்கும் லாட்ஜ்காரர்களே, போடியிலிருந்து வந்திருக்கும் ஏலக்காய் வியாபாரிகளே, எல்லாருக்கும் வணக்கம்.

‘இணையதளத்தின் பாதுகாப்புச் சான்றிதழை எப்போது புதுப்பிப்பது என்று தீர்மானிக்க வேண்டியது மனிதரா, இயந்திரமா’ என்பது தலைப்பு. நான் இயந்திரமே என்று பேச வந்திருக்கிறேன். கடைத்தெருவில் எல்லாரும் எஸ்எஸ்எல் என்கிறோமே, பிரவுசரில் பூட்டுப் படம் காட்டுமே, அந்தச் சான்றிதழைத்தான் சொல்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய அண்ணன் மூன்று கேள்வி வைத்தார். சபரிமலை சீசன் எப்போது என்று நமக்குத் தெரியும், மெஷினுக்குத் தெரியுமா? சர்வரில் குறித்த நேரத்துக்கு வேலையைத் தானாக ஓட்டும் கிரானில் ‘முப்பது நாள் இருக்கும்போது புதுப்பி’ என்று எழுதியாகிவிட்டது, இதற்கு மேல் தீர்மானிக்க என்ன இருக்கிறது? எங்கேயோ இருக்கும் சான்றிதழ் நிறுவனம் சொல்கிற நாளில் நம்ம சர்வர் ஏன் ஆட வேண்டும்? மூன்றும் நேர்மையான கேள்விகள். நடுவில் இருப்பதை முதலில் எடுக்கிறேன்.

அந்த முப்பது எங்கிருந்து வந்தது? இலவசமாகச் சான்றிதழ் தரும் நிறுவனமான லெட்ஸ் என்க்ரிப்ட் 2015 டிசம்பரில் பொதுமக்களுக்குத் திறந்தபோது சான்றிதழின் ஆயுள் 90 நாள். ஆயுளில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம் இருக்கும்போது புதுப்பியுங்கள் என்பது அவர்கள் வழிகாட்டுதல். 90இல் மூன்றில் ஒன்று முப்பது. அவர்கள் சொன்னது பங்கு, நாம் பிடித்துக்கொண்டது எண்.

இப்போது ஆயுளே சுருங்குகிறது. சான்றிதழ் நிறுவனங்களும் பிரவுசர் நிறுவனங்களும் சேர்ந்த சிஏ பிரவுசர் ஃபோரம் 2025 ஏப்ரலில் வாக்கெடுத்து முடிவு செய்தது. 398 நாளாக இருந்த உச்ச ஆயுள் 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள். காசு கொடுத்து வாங்கும் சான்றிதழுக்கும் இதே கணக்குத்தான். லெட்ஸ் என்க்ரிப்ட் 2028 பிப்ரவரியில் 45 நாளுக்கு வந்துவிடுவதாக அறிவித்திருக்கிறது. 160 மணி நேரமே செல்லும் சான்றிதழையும் தருகிறது; ஆறு நாள், சொச்சம்.

அண்ணனின் கிரானை இதில் ஓட்டிப் பார்ப்போம். அதையே ‘60 நாளைக்கு ஒருமுறை புதுப்பி’ என்று எழுதியவர்கள் நிறைய இருக்கிறார்கள். 45 நாள் சான்றிதழில் அந்தக் கிரான் விழிக்கும்போது தளம் பதினைந்து நாளாகச் செத்துக் கிடக்கும். ‘முப்பது நாளுக்குக் கீழே போனால் புதுப்பி, தினமும் இரண்டு வேளை பார்’ என்று எழுதியிருந்தால்? ஆறு நாள் சான்றிதழ் பிறக்கும்போதே முப்பதுக்குக் கீழேதான். ஒவ்வொரு வேளையும் புதிது வாங்கும். ஒரே பெயர்களுக்கு ஏழு நாளில் ஐந்து சான்றிதழ் என்பது லெட்ஸ் என்க்ரிப்டின் அளவு. சில நாளிலேயே ‘இனி கிடையாது’ என்று பதில் வரும். மாறாத எண், ஒரு பக்கம் பிந்துகிறது, இன்னொரு பக்கம் பாய்கிறது.

சரி, எண்ணை எடுத்துவிட்டுப் பங்கு போட்டுக்கொள்கிறோம் என்பீர்கள். அதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. நான் பேச வந்ததே அந்த ஓட்டையைப் பற்றித்தான்.

2020 பிப்ரவரி 29. லெட்ஸ் என்க்ரிப்டின் மென்பொருளில் ஒரு பிழை தெரியவந்தது. ஒரு டொமைனுக்கு யார் சான்றிதழ் தரலாம் என்று உரிமையாளர் டிஎன்எஸ்ஸில், அதாவது இணையத்தின் பெயர்ப் பதிவேட்டில், எழுதி வைக்கும் பதிவு சிஏஏ. அதைத் திரும்பச் சரிபார்க்க வேண்டிய இடத்தில் சரியாகப் பார்க்கவில்லை. அதனால் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட சான்றிதழ்களைச் சில நாளில் ரத்து செய்ய வேண்டிய நிலை. மின்னஞ்சல் அனுப்பினார்கள். எல்லாரும் முகவரி கொடுத்திருக்கவில்லை. கொடுத்தவர்களும் எல்லாரும் திறந்து பார்க்கவில்லை. சுமார் 17 லட்சத்தை ரத்து செய்தார்கள். மீதியையும் செய்திருந்தால் அத்தனை தளங்களிலும் எச்சரிக்கைத் திரை விழுந்திருக்கும் என்று கை வைக்காமல் விட்டார்கள்.

அந்த நாளில் அண்ணனின் காலண்டர் என்ன சொல்லியிருக்கும்? ‘இன்னும் நாற்பது நாள் இருக்கிறது’ என்று சொல்லியிருக்கும். சான்றிதழுக்குள் அச்சாகியிருக்கும் தேதியும் அதையேதான் சொல்லியிருக்கும். ரத்தாகப் போகிறது என்ற செய்தி வழங்கியவரிடம் மட்டும் இருந்தது.

இந்தப் பள்ளத்தாக்கில் இருக்கும் நமக்கு இது புரியாதா? கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நிலம். முதல் போகத்துக்கு முல்லைப்பெரியாறு தண்ணீரை ஜூன் 1இல் திறப்பது வழக்கம். வழக்கம்தான், சட்டமில்லை. அணையில் தண்ணீர் இல்லாத வருடம் தள்ளிப் போகும். நாற்றங்காலைத் தயார் செய்பவர் காலண்டரைப் பார்ப்பதோடு நிற்பதில்லை, ‘தேக்கடியில் எத்தனை அடி’ என்று தினமும் கேட்கிறார். நீர்மட்டம் அங்கே இருக்கும்போது, வயலில் நின்றுகொண்டு நாள் குறிக்க முடியாது.

அப்படிக் கேட்பதற்குத்தான் ஒரு முறை வந்திருக்கிறது. சர்வர் தானாகவே சான்றிதழ் வாங்க உதவும் ஆக்மி நெறிமுறையின் நீட்சி, பெயர் ஏஆர்ஐ, 2025இல் ஆர்எஃப்சி 9773 என்ற எண்ணில் இணையத் தரமானது. எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். நம்ம சர்வரில் இருக்கும் கிளையன்ட், அதாவது சான்றிதழ் வாங்கும் மென்பொருள், தன் சான்றிதழிலிருந்து இரண்டு விவரத்தை எடுக்கிறது: வழங்கியவரின் சாவி அடையாளம், சான்றிதழின் தொடர் எண். நடுவில் ஒரு புள்ளி வைத்து இரண்டையும் ஒட்டி, சான்றிதழ் நிறுவனத்திடம் கேட்கிறது. லாகின்கூட வேண்டாம். பதிலில் இரண்டு நேரம் வரும்: இதிலிருந்து இதுவரை. அந்த இடைவெளிக்குள் கிளையன்ட் குலுக்கல் போட்டு ஒரு நேரத்தைத் தேர்ந்துகொள்ளும். 90 நாள் சான்றிதழுக்கு லெட்ஸ் என்க்ரிப்ட் 60ஆம் நாளை ஒட்டி ஏறக்குறைய இரண்டு நாள் அகலத்துக்கு அந்த இடைவெளியைத் தருகிறது.

குலுக்கல் எதற்கு? எல்லா வயலும் ஒரே நாழிகையில் மடை திறந்தால் கடைமடைக்குச் சொட்டு வராது, அதற்குத்தானே முறை வைத்து நீர் பாய்ச்சுகிறோம். அதே காரணம்தான்.

ரத்து வரப்போகிறது என்றால் அந்த இடைவெளியையே கடந்த நேரத்துக்கு நகர்த்திவிடுவார்கள். தேர்ந்த நேரம் கடந்துபோயிருந்தால் உடனே புதுப்பி என்பது விதி. எப்போது திரும்பக் கேட்க வேண்டும் என்பதும் பதிலிலேயே வரும். லெட்ஸ் என்க்ரிப்ட் சொல்வது ஆறு மணி நேரம். புது ஆர்டர் போடும்போது எந்தப் பழைய சான்றிதழுக்கு மாற்று என்பதை ‘ரீப்ளேசஸ்’ புலத்தில் குறிப்பிட்டால் அந்தப் புதுப்பிப்பு ரேட் லிமிட்டில், அதாவது எத்தனை வாங்கலாம் என்ற அளவில், கணக்கில் சேராது. முன்னே சொன்ன ஐந்து என்ற வேலியே இதற்குக் கிடையாது.

அண்ணனின் மூன்றாவது கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. வருவது பரிந்துரை. முன்கூட்டியே புதுப்பிக்க வேண்டுமா, தாராளமாகச் செய்யலாம். சான்றிதழ் நிறுவனத்தின் சர்வர் பதிலே தராவிட்டால் கிளையன்ட் தன் சொந்தக் கணக்குக்கு, மூன்றில் ஒரு பங்குக்கு, திரும்பிவிடும். கட்டுப்பாடு கையை விட்டுப் போகவில்லை. தகவல் கைக்கு வருகிறது.

இனி சீசன். கார்த்திகை பிறந்தால் இந்த ஊர் வழியாகத்தான் சாமிமார் குமுளிக்கு ஏறுகிறார்கள். லாட்ஜ், ஜீப், சாப்பாடு எல்லாம் போனில்தான் புக்கிங். ‘ஐப்பசியிலேயே கையால் புதுப்பித்துவிடுவோம், சீசன் முடியும்வரை மெஷின் தொடக் கூடாது’ என்றார் அண்ணன். மண்டலம் 41 நாள். மகரவிளக்கு வரை சேர்த்தால் இரண்டு மாதம். 47 நாள் சான்றிதழை கார்த்திகை ஒன்றாம் தேதி புத்தம் புதிதாகப் போட்டாலும் மகரவிளக்கு வரைக்கும் தாங்காது. சீசனுக்குள் ஒரு புதுப்பிப்பு நடந்தே தீரும். கையால் செய்பவர் அதை எந்த நாளில் செய்வார்? கூட்டம் குறைந்த நாள் பார்த்துத் தள்ளித் தள்ளி, கடைசி நாளில்தான். அந்தக் கடைசி நாளிலும் ஒரு கண்ணி உண்டு: சான்றிதழில் இருப்பது உலகப் பொது நேரம். நள்ளிரவு 12க்கு முடிகிறது என்று போட்டிருந்தால் நமக்கு அது காலை 5.30.

புதுப்பித்தால் தளம் விழும் என்ற பயமும் வேண்டாம். தளத்தைப் பரிமாறும் வெப் சர்வர் மென்பொருளான என்ஜின்எக்ஸை ரீலோட் செய்தால் பழைய இணைப்புகளைப் பழைய வேலையாட்கள் முடித்துக் கொடுப்பார்கள், புது இணைப்புகளுக்குப் புதுச் சான்றிதழ் போகும். ரீஸ்டார்ட் வேறு, ரீலோட் வேறு.

ஆனால் ஒன்றை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். கையாளும் முறை தெரியாமல் இயந்திரத்தை விட்டால் இயந்திரமும் கவிழும். அடிக்கடி நடப்பது இது: சான்றிதழ் ஒழுங்காகப் புதுப்பிக்கப்பட்டு ஃபைலில் கிடக்கிறது, என்ஜின்எக்ஸ் ரீலோட் ஆகாததால் நினைவகத்தில் இருக்கும் பழையதையே நீட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கு, புதுப்பித்ததும் தானாக ஓடும் டெப்ளாய் ஹுக்கில் ரீலோட் கட்டளை இருக்க வேண்டும். டிரை ரன், அதாவது ஒத்திகை, வெற்றி என்று காட்டியதை நம்பி விடாதீர்கள், வழக்கமான டிரை ரன்னில் டெப்ளாய் ஹுக் ஓடாது. யாராவது ஃபயர்வாலில் 80ஆம் போர்ட்டை மூடினால் ஹெச்டிடிபி சரிபார்ப்பு தோற்கும். உபுண்டு 22.04இல் ஆப்ட் என்ற மென்பொருள் நிறுவி வழியாக வரும் செர்ட்பாட் 1.21 என்ற கிளையன்ட் பழையது, அதற்கு ஏஆர்ஐ தெரியாது. ஸ்னாப் என்ற இன்னொரு நிறுவி வழியாகப் புதியதைப் போட வேண்டும்.

மனிதருக்கு வேலை இங்கேதான். நாள் குறிப்பதை விட்டுவிட்டு, குறித்தபடி நடந்ததா என்று பாருங்கள். அதுவும் சர்வருக்குள் ஃபைலைப் பார்த்தால் போதாது. வெளியிலிருந்து 443ஆம் போர்ட்டில் தட்டி, பார்வையாளருக்கு உண்மையில் எந்தச் சான்றிதழ் போகிறது என்று பார்க்க வேண்டும். ஆயுளில் கால் பங்குக்குக் கீழே போனால் போன் அலற வேண்டும். மின்னஞ்சல் வரும் என்று இருந்துவிடாதீர்கள். காலாவதி நினைவூட்டல் அனுப்புவதை லெட்ஸ் என்க்ரிப்ட் 2025 ஜூன் 4உடன் நிறுத்திவிட்டது. ஆள்பலம் உள்ளவர்களுக்கு இது நடக்காது என்றும் எண்ண வேண்டாம். 2020 பிப்ரவரி 3 அன்று மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் சில மணி நேரம் முடங்கியதற்குக் காரணம் காலாவதியான ஒரு சான்றிதழ்.

மணி அடித்துவிட்டது நடுவர் அவர்களே, இன்னும் ஒரு நிமிடம். அடுத்துப் பேச வரும் எதிரணி அக்காவிடம் ஒரு கேள்வி. சில வகைத் தவறுகளுக்கு 24 மணி நேரத்தில் சான்றிதழை ரத்து செய்தாக வேண்டும் என்பது விதி. மார்கழி மாதம், சனிக்கிழமை மாலை அப்படி ஒரு முடிவு எடுக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு மாலை மலையிலிருந்து இறங்கும் சாமிமார் போனில் ரூம் தேடுவார்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை கேட்கும் இயந்திரத்துக்கு அதற்குள் நாலு முறை செய்தி கிடைத்துவிடும். உங்கள் அணியில் அந்தச் செய்தி எந்த வழியாக, யாருக்கு வந்து சேரும்? அக்கா மைக்கைப் பிடித்ததும் முதலில் அதைச் சொல்லட்டும்.